ஜெரெபு வருடத்தில் நான் படித்தவை

அந்த வருடத்துப் புகைக்கு ஒரு ருசி இருந்தது. அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டதுபோல ஒரு கருகல், காலையில் கண் விழிக்கும்போதே நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். பல் துலக்கினாலும் போகாது, சூடாகத் தேநீர் குடித்தாலும் போகாது. மற்றவர்கள் கண் எரிச்சலைச் சொல்வார்கள், தொண்டைக் கரகரப்பைச் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ருசிதான். கடலுக்கு அந்தப் பக்கத்துக் காடுகள் எரிந்து, காற்றும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் ஜொகூர் மாநிலம் முழுவதையும் மூடிக்கொள்ளும் அந்தப் புகைமூட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் தமிழில் சொன்னதில்லை. மலாய்க்காரர்களைப் போல "ஜெரெபு" என்றுதான் சொல்வோம். சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிய மலிவு விலை வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. வாசலில் நின்றால் தூரத்தில் நெடுஞ்சாலையில் போகும் லோரிகள் தெரியும். அந்த வாரங்களில் எதிர் வரிசை வீடுகளே தெரியவில்லை.

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியே போகக்கூடாது, சன்னல்களைத் திறக்கக்கூடாது என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்ற பிள்ளைகள் விளையாட முடியவில்லையே என்று அழுதபோது, பதினொரு வயது யோகேஸ்வரியாகிய நான் மட்டும் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைத் தண்டனையாக நினைக்கிறவர்கள் புத்தகம் படிக்காதவர்கள் என்பது அப்போதே என் அபிப்பிராயம், இப்போதும் அதுதான். என்னிடம் சித்திரக்கதைகள் ஒரு கட்டு இருந்தன. பட்டணத்தில் பாய் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய சித்திரக்கதைகளைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். அம்மா சாமான் வாங்கும் நேரத்தில் நான் அங்கே குந்தி உட்கார்ந்துவிடுவேன். பாதிக்கு அட்டை இருக்காது, சிலவற்றுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது, முடிவை நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சித்திரக்கதைகளைப் பற்றிக் கேட்டால் நான் சுருக்கமாகப் பேசுகிற ஆள் இல்லை. கறுப்பு வெள்ளைதான் உயர்ந்தது. வண்ணம் பூசியவுடன் ஓவியனுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது, முகத்தில் போட வேண்டிய கோட்டைச் சிவப்பு மையில் மறைத்துவிடுகிறான். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: நாயகன் பத்துப் பேரை அடித்துப்போட்டு, கூரை மேல் ஏறி, ஆற்றில் குதித்து, மறுகரையில் எழுந்து நின்று நீளமாக வசனம் பேசுவான். அவனுக்கு மூச்சு வாங்கியதாக ஒரு கட்டத்தில்கூட வரைந்திருக்க மாட்டார்கள். வில்லனுக்காவது கொஞ்சம் இருமல் இருக்கும். மூச்சே வாங்காத ஒருவனை நான் எதற்காக நம்ப வேண்டும் என்று எரிச்சலாக வரும், ஆனாலும் அடுத்ததை எடுத்துவிடுவேன்.

விஞ்ஞானக் கதைகள் வேறு ரகம். அவற்றில் ஒரு பேராசிரியர் இருப்பார், அநேகமாகத் தாடி வைத்திருப்பார். வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்றோ, பூமிக்குள் ஏதோ கொதிக்கிறது என்றோ அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், சிரிப்பார்கள், பைத்தியம் என்பார்கள். ஆனால் கதை பாதி ஆவதற்குள் யாராவது ஒருவர், ஒரு பத்திரிகைக்காரரோ இராணுவ அதிகாரியோ, "ஐயா, நான் உங்களை நம்புகிறேன்" என்று வந்துவிடுவார். அதன் பிறகு எல்லாக் கதவும் திறக்கும். அது மட்டுமல்ல, அந்த வேற்றுக்கிரகத்தார் எல்லாரும் பெரிய பெரிய நகரங்களில்தான் வந்து இறங்குவார்கள். செம்பனைத் தோட்டத்தில் இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு மனத்தாங்கல். ஆகவே ஜெரெபு வந்து, நடுப்பகலில் சூரியன் ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் தொங்கியபோது, ஒருவழியாக நம் பக்கமும் வந்துவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த முடிவால்தான் வந்தது வினை. எனக்கு ஒரே தம்பி, தினேஷ், ஐந்து வயது. நான் படிப்பதை எல்லாம் அவனுக்கு நடித்துக் காட்டுவேன்; அவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். குழாய் வழியாக வீட்டுக்குள் நுழையும் நூல் போன்ற உயிர்களைப் பற்றி ஒரு கதை படித்திருந்தேன். அதே சமயத்தில் எங்கள் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. இரண்டையும் சேர்த்து அவனிடம் சொன்னேன். பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். வேலை முடிந்து வந்த அம்மா அவன் உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு விசாரித்தபோது, "பைப்புல ஆளுங்க இருக்காங்க" என்றான். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"கத புக்கு படிச்சி படிச்சி இதுக்கு மூள கொழம்பிப் போச்சிங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். கட்டு முழுவதையும் ஒரு சாக்கில் போட்டு அலமாரி மேல் தூக்கி வைத்தார். "ஸ்கூல் தொறக்கற வரைக்கும் ஒன்னயும் தொடக்கூடாது. மறுபடி எதாச்சும் கத கட்டுன, பழைய பேப்பர் வாங்கற லோரிக்குத்தான் போவும்" என்றார். விஷயம் வரிசை முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டுச் சீனர் ஆ செங் அங்கிள்கூட என்னைப் பார்க்கும்போதெல்லாம், பைப்பில் இன்று யார் வந்தார்கள் என்று மலாயில் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர் நிஜமாகவே சிவப்பாக வந்ததே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

படிக்க எதுவும் இல்லாமல் ஒரு நாள் பைத்தியம் பிடித்தவள்போல் வீட்டைச் சுற்றினேன். மறுநாள் அப்பாவே "ஷோகேஸ்" பக்கம் கையைக் காட்டினார். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வாசல் ஹாலில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கும். அதில் விருந்தாளி வந்தாலும் எடுக்காத பீங்கான் தட்டுகள், கல்யாணப் படம், பிளாஸ்டிக் ரோஜா, இவற்றோடு வீடு வீடாக விற்க வந்தவரிடம் வாங்கிய மலாய்க் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் நிற்கும். மேலுறைகூடக் கிழிக்காமல், பெயர் வெளியே தெரியும்படி அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

"படிக்கணும்னா அத படி. அதுல பொய் இருக்காது" என்றார் அப்பா.

பொய் இல்லைதான். முதல் இரண்டு நாள் எனக்குக் கொட்டாவியாக வந்தது. அறிவுப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு: எதிரில் யாரும் மறுத்துப் பேசவே மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுவார்கள். திமிங்கிலம் பாலூட்டி என்பார்கள், அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். "எங்கள் வீட்டில் இதை நம்ப மாட்டார்களே, எப்படிச் சொல்வது" என்று கேட்டால் அதற்கு ஒரு பதிலும் இராது. ஆனால் மனித உடம்பைப் பற்றிய தொகுதி வேறு மாதிரி இருந்தது. அதில் வெட்டி விரித்த படங்கள் இருந்தன, கறுப்பு வெள்ளைக் கோடுகளும் இருந்தன, ஓரத்தில் கட்டம் போட்டுச் செய்து பார்க்கச் சின்னச் சின்னச் சோதனைகளும் இருந்தன. அந்தத் தொகுதியைத் தரையில் விரித்துப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு படித்தேன்.

அதே நாட்களில்தான் தினேஷின் இருமல் மாறியது. அவனுக்கு எப்போதும் சளி பிடிக்கும். கிளினிக்கில் சிவப்பு மருந்து கொடுப்பார்கள், குறைந்துவிடும். இந்த முறை குறையவில்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் போல ஒரு சத்தம் கேட்டது. "சளி கட்டிக்கிச்சி, கரையணும்" என்றார் அம்மா. சளி கரைய எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை தலை குளித்து, விளக்கேற்றி, தேங்காய்த் தொட்டிக் கரியில் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவார். கைக்குழந்தையிலிருந்தே தினேஷைக் குளிப்பாட்டியதும் அந்தப் புகையில் பிடித்துத்தான் தலை காய வைப்பார். ஜெரெபு வந்த பிறகு அது தினசரி ஆகிவிட்டது. சன்னல் இடுக்குகளில் எல்லாம் ஈரத் துண்டுகளைச் செருகி, கதவுக்கு அடியில் பழைய கைலியைச் சுருட்டி வைத்து, வெளிக்காற்று ஒரு துளி வராதபடி அடைத்துவிட்டு, உள்ளே சாம்பிராணி போடுவார். "வெளிய இருக்கறது கெட்ட பொக. இது சாமி பொக. கெட்டத வெரட்டிடும்" என்பார்.

அம்மாவை யாரும் தவறாக நினைத்துவிடக்கூடாது. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அந்தப் புகைக்குள் வீடு வந்து, ஒரு நிமிடம்கூட உட்காராமல் செய்த வேலை அது. அவருடைய அம்மாவும் அப்படித்தான் செய்தார், வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் சாம்பிராணியை இன்னும் ஒரு கை கூடப் போடுவதுதான் தாய் செய்ய வேண்டியது என்று மனசார நம்பினார்.

நுரையீரல் பக்கத்தை நான் படித்தது ஒரு வியாழக்கிழமை. தலைகீழாக நிறுத்திய மரம்போல மூச்சுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து போகும் படம். பக்கத்திலேயே சிறியதாய் இன்னொரு படம்: இளைப்பு நோய், அதாவது ஆஸ்துமா, உள்ளவரின் குழாய், உட்சுவர் வீங்கி, நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. புகை எதுவானாலும், எரிகிற எதிலிருந்து வந்தாலும், அந்த ஓட்டை இன்னும் சுருங்கும் என்று எழுதியிருந்தது. நோய் முற்றினால் எப்படித் தெரியும் என்றும் எழுதியிருந்தது: தோள்கள் ஏறி இறங்கும், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாது. புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த தினேஷின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். லேசாக, மிக லேசாக, சதை உள்ளே போய்ப் போய் வந்தது. கதைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை உலகம் அழிந்ததைப் படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படிப் பயந்ததில்லை.

அப்பா வந்ததும் சொன்னேன். ஷோகேஸ் புத்தகத்தில் படித்தேன், சாம்பிராணி தம்பிக்கு ஆகாது, அவனுக்கு இருப்பது சளி இல்லை என்றேன். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே காது கொடுத்தார்.

"அதுல பொய் இருக்காதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க" என்றேன்.

"புக்குல பொய் இல்ல யோகா. நீ சொல்றதுலதான் பாதி கதயா இருக்கும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அன்றைக்குத்தான் விஞ்ஞானக் கதைகள் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பாதிக் கதைக்குள் நம்புகிறவர் ஒருவர் வந்துவிடுவார் என்று எழுதியவர்கள் யாரும் எங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா ஆலைக்குக் குலை ஏற்றிப் போயிருந்தார், இரவுதான் வருவார். மதியத்திலிருந்து தினேஷ் படுக்கவே இல்லை; சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டான். விளையாட்டுக் காரைக் கொடுத்தேன், தொடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். "அக்கா" என்றான். நிறுத்தினான். "தண்ணி" என்றான். மறுபடி நிறுத்தினான். "வேணா" என்றான். மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. அவன் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, விசில் சத்தம் நேற்றைவிடக் குறைந்திருந்தது. சத்தம் குறைந்தால் குணமாகிறது என்று அர்த்தம் இல்லை, காற்றே போகவில்லை என்றும் இருக்கலாம் என்று அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் எழுதியிருந்ததை நான் படித்திருக்காவிட்டால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அம்மா வந்தார். அவனைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை என்றார், தலை குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். கரி சிவந்து பிடிக்கும் வாசனை சமையலறையிலிருந்து வந்ததும் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, இன்னிக்கி வேணாம்மா. இங்க பாருங்க, தம்பிக்கு இப்படித்தான் இருக்கு."

அம்மா படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னாடி இது, முருங்க மரமா" என்றார். "கொண்டு போயி ஷோகேஸ்ல வை, அழுக்காயிடும். சாமி கும்புடற நேரத்துல வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரு."

நான் சொல்லச் சொல்ல அவர் காதில் ஏறவில்லை. மூச்சுக்குழாய் என்றேன், வீக்கம் என்றேன், மலாயில் படித்த சொற்களுக்குத் தமிழ் தெரியாமல் தடுமாறினேன். சாம்பிராணியைத் தூவினார். வெள்ளையாகப் புகை எழுந்தது. சாமி படத்துக்குக் காட்டிவிட்டு, ஹாலைச் சுற்றி, அறையை நோக்கி வந்தார். நான் முந்திக்கொண்டு ஓடி அறை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளு."

"மாட்டேன்."

"பிள்ளைக்கு முடியாம கெடக்கான், வெளையாடறியா நீ. மறுபடி பைப்புக் கதயா. கையில நெருப்பு இருக்கு, தள்ளு யோகா."

என்ன செய்வது என்று தெரியவில்லை. சித்திரக்கதையாக இருந்தால் நாயகி சட்டியைத் தட்டிவிட்டிருப்பாள், நெருப்பு பறந்திருக்கும், ஒரு பெரிய கட்டம் வரைந்திருப்பார்கள். எனக்கு அம்மா கையின் மேலும் பயம், சாமியின் மேலும் பயம். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் ஓரத்துக் கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. இளைப்பு எப்படி இருக்கும் என்று அறிய, மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகுழாய் வழியாக மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள் என்று போட்டிருந்தது. முந்தின நாள் நானே செய்து பார்த்துப் பயந்துபோய் நிறுத்தியிருந்தேன். சோயா பால் பெட்டியில் ஒட்டி வரும் மெல்லிய குழாய் ஒன்று என் சட்டைப் பையில்தான் கிடந்தது.

அதை எடுத்து நீட்டினேன். "இத வாயில வெச்சி, மூக்க புடிச்சிக்கிட்டு மூச்சு விடுங்கம்மா. ஒரே ஒரு தடவ. அப்பறம் அடிங்க, எம்புட்டு வேணும்னாலும் அடிங்க."

நான் சுலபத்தில் அழுகிற பிள்ளை இல்லை. அப்போது அழுதுகொண்டிருந்தேன் என்பதே அம்மா முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சட்டியை நிலைப்படி ஓரமாகத் தரையில் வைத்தார். அடிக்கத்தான் வைக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "இதான் கடைசி. நாளைக்கே எல்லா புக்கும் போவுது" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி உதட்டில் வைத்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் அவர் முகத்தில் எரிச்சல் மட்டும் இருந்தது. ஒரு மூச்சு இழுத்தார், விட்டார். இரண்டாவது இழுக்கும்போது புருவம் சுருங்கியது. மூன்றாவதில் அவர் தோள்கள் இரண்டும் தாமாக மேலே ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் பெரிதாகி, என் தலைக்கு மேலே, அறைக்குள், சுவரில் சாய்ந்திருந்த தினேஷின் மேல் போய் நின்றன. அவன் தோள்களும் அதே மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதே மூச்சை விட்டார்கள். குழாய் அம்மா வாயிலிருந்து விழுந்தது.

அவர் சாம்பிராணிச் சட்டியை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கால்வாய்த் தண்ணீரில் கரி விழுந்து சீறிய சத்தம் கேட்டது. கை சுட்டிருக்கும். திரும்பி வந்து தினேஷைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு, செருப்பு இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். ஆ செங் அங்கிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவனைப் பார்த்ததும் மறு கேள்வி கேட்கவில்லை. "நாயெக், செப்பாட்" என்று வாடகை நாற்காலிகள் ஏற்றும் தம்முடைய வேன் கதவைத் திறந்து, சீக்கிரம் ஏறச் சொன்னார்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங் மருத்துவமனைக்குப் போகும் சாலை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எத்தனையோ முறை பழக்கம், ஆனால் அன்று போல் நீண்டதில்லை. மாலை வெளிச்சமும் புகையும் சேர்ந்து முன்னால் மஞ்சளாகத் திரை கட்டியிருந்தது. எதிரில் வரும் லோரியின் விளக்கு கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆ செங் அங்கிள் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து ஓட்டினார். தினேஷ் அம்மா மடியில் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். "தூங்கறானா, யோகா, தூங்கறானா" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும், அது தூக்கம் இல்லை. இளைத்து இளைத்து உடம்பு ஓய்ந்துபோவது அது, அதையும் படித்திருந்தேன். "இல்லம்மா, எழுப்புங்க, பேச வெச்சிக்கிட்டே இருங்க" என்றேன். அம்மா உடனே அவன் கன்னத்தைத் தட்டினார். நான் சொன்னதை அம்மா மறுபேச்சில்லாமல் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. நான் சொன்னது தப்பாக இருக்கட்டும், பைப்புக் கதை மாதிரியே பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

அங்கே அவனைப் பார்த்த நர்ஸ் மிஸி எங்களை உட்காரச் சொல்லவில்லை, பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். முகத்தில் பச்சை முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். ஊசி போட்டார்கள். மறுபடி முகமூடி. இளம் பெண் டாக்டர் ஒருவர், மலாய்க்காரர், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக் கேட்டு நிமிர்ந்தார். வீட்டில் ஏதாவது கொளுத்தினீர்களா என்று மலாயில் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். கொசுவர்த்தி என்று சொல்லியிருக்கலாம், பக்கத்தில் யாரோ குப்பை எரித்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அந்த வாரங்களில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்று, மலாயில் "சாயா" என்றார். நான்தான். தினமும், பிள்ளைக்கு நல்லது என்று. டாக்டர் திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையில் புகை இருந்திருந்தால் இங்கே கொண்டுவர வேலை இருந்திருக்காது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

வேலை உடையோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வாடையோடு அப்பா வந்து சேர்ந்தபோது தினேஷுக்கு முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். "யோகா சொன்னா. நேத்து உங்ககிட்டயும் சொன்னா. நம்மதான் கேக்கல" என்றார் அம்மா. தினேஷ் வீடு திரும்பிய அன்று அப்பா அலமாரி மேலிருந்த சாக்கை இறக்கி என் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்து வெகு காலம் ஆகிவிட்டது. நான் இப்போது ஸ்கூடாய் நகரத்தில் இருக்கிறேன். பள்ளிகளில், நூலகங்களில் புத்தகங்களைப் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள், போவேன். பிள்ளை சித்திரக்கதையே படிக்கிறது, அறிவுப் புத்தகம் தொடவில்லை, என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பார்கள். எதைப் படிக்கிறது என்பது இருக்கட்டும், படித்துவிட்டு வந்து உங்களிடம் சொன்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. அறிவுப் புத்தகம் என் தம்பியின் உயிரைக் காப்பாற்றியது என்று மேடையில் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், கைதட்டுவார்கள். ஆனால் அந்தப் புத்தகம் அதற்கு முன்னும் எங்கள் வீட்டில்தான், கண்ணாடிக்குப் பின்னால், கிழிக்காத மேலுறையோடு நின்றுகொண்டிருந்தது. பாய் கடை இப்போது இல்லை, சிம்பாங் ரெங்கம் வரிசை வீட்டை விற்றுவிட்டோம். தினேஷ் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், தினமும் விடியலுக்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறான், மருந்துக் குழாய் சட்டைப் பையில் இருக்கும். அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்கிறார்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வாசனை என்று ஒன்று இல்லை. அன்றோடு போனது. விளக்கு மட்டும்தான் ஏற்றுவார். கோயிலுக்குப் போனால் சாம்பிராணி போடுகிற இடத்தில் போய் நின்றுகொள்வார், கண்ணை மூடி ஆசை தீர இழுத்துக்கொள்வார். அன்றைக்குத் தினேஷ் வருவதாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் தலை குளித்து, சேலை மாற்றிவிட்டுத்தான் அவன் பக்கத்தில் உட்காருவார்.

போன மாதம் என் மகள், எட்டு வயது, கைப்பேசித் திரையில் ஏதோ சித்திரக்கதை படித்துவிட்டு ஓடி வந்தாள். வீட்டுக்காகப் புதிதாக வாங்கியிருந்தேன், தானாகவே ஊர்ந்து தரையைக் கூட்டும் வட்ட இயந்திரம் ஒன்று. அது நாம் இல்லாத நேரத்தில் நம்மை எல்லாம் கணக்கெடுத்து எங்கோ அனுப்புகிறது, ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொள்ளும் என்று பாட்டியிடம் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்தார். "சொல்லு, மொதல்லேருந்து சொல்லு" என்றார். முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு கேள்விகூடக் கேட்டார். பிறகு எழுந்து போய் அந்த இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி, ஒரு துண்டில் சுற்றி, ஸ்டோர் அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "என்னாம்மா நீங்க, அது சின்னப் பிள்ள, கத படிச்சிட்டு வந்து சொல்லுது" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி நானும் இப்படித்தான் சிரிச்சேன்" என்றார்.

இயந்திரம் இன்னும் ஸ்டோர் அறையில்தான் இருக்கிறது. வீட்டை நான்தான் கூட்டுகிறேன்.